ஒன்பது அணிகள், ஒரு பிளேஆஃப்கூட இல்லை: ஃபிட்ஸ்பேட்ரிக் கணக்கு

பிப்ரவரி 10, மாலை (கேள்வி)

"அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்? 17 சீசன், 9 அணி, ஒரு பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான நாக்அவுட்) ஆட்டம்கூடக் கிடையாது. ஜெயித்தது 59, தோற்றது 87. ஒன்பது இடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்ட ஒருவரை வேறு எந்தத் தொழிலிலாவது பாராட்டுவார்களா? தாடிக்குத்தான் இத்தனை ரசிகர்களா?"

பிப்ரவரி 10, இரவு 9.15

ஒன்பது இடத்தில் அனுப்பினார்கள் என்றால் ஒன்பது இடத்தில் கூப்பிட்டார்கள் என்றும் பொருள். அதை விட்டுவிட்டீர்கள்.

2005 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) மொத்தம் 255 பேரை எடுத்தார்கள். இவர் 250-ஆவது. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் ஏழாவது சுற்றின் வாலில் எடுத்த ஹார்வர்டு பையன். அந்த இடத்தில் எடுக்கப்படுபவர்களில் பலர் ஆகஸ்ட் முகாமோடு காணாமல் போவார்கள். இவர் 2021 வரை இருந்தார். எறிந்து எடுத்த தூரம் 34,990 கஜம், எறிந்த டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) 223. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் இத்தனை அணிகளைப் பார்த்த குவாட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 10, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. அந்த முதல் ஆட்டத்தையும் எழுதிவிடுகிறேன்.

2005 நவம்பர் 27, ஹூஸ்டன். ராம்ஸின் முதல் குவாட்டர்பேக் மார்க் பல்ஜர் ஏற்கெனவே காயத்தில். இரண்டாமவர் ஜேமி மார்ட்டினும் ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது ஆளாக இந்தப் பையன் உள்ளே போகிறான். இடைவேளையில் 24-3 என்று பின்தங்கியிருக்கிறார்கள். கடைசி அரை நிமிடத்தில் மட்டும் 10 புள்ளிகள் எடுத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கெவின் கர்ட்டிஸுக்கு 56 கஜ டச் டவுன். 33-27. முதல் ஆட்டத்திலேயே 310 கஜம், 3 டச் டவுன்.

இதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். அடுத்து அவர் தொடங்கிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. சீசன் முடிவில் 4 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது). பதினேழு ஆண்டுகளின் மொத்தக் கதையும் ஒரே மாதத்தில் முன்னோட்டமாக ஓடிவிட்டது.

பிப்ரவரி 11, காலை 7.05

திருத்தம். டென்வரிலிருந்து ஒருவர் காதைத் திருகியிருக்கிறார், நியாயமாகவே. அணிகளின் எண்ணிக்கையில் சாதனை ஜாஷ் ஜான்சன் என்ற குவாட்டர்பேக்குடையது: 14. ஃபிட்ஸ்பேட்ரிக்கின் சாதனை வேறு: 9 வெவ்வேறு அணிகளுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய ஒரே குவாட்டர்பேக். வரிசையில் பெயர் இருப்பது வேறு, முதல் பந்தை வாங்குவது வேறு. இரவு பதினொரு மணிக்கு முன்பே தவறாக எழுதுகிறேன் என்றால் வயதாகிவிட்டது.

ஜான்சன் பேச்சு வந்ததால் ஒன்று. 2018 டிசம்பரில் வாஷிங்டன் அணியில் குவாட்டர்பேக்குகள் வரிசையாகக் காயப்பட்டு, அவரைக் கூப்பிட்டார்கள். புதிய சகாக்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ள வீட்டில் மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமை ஆடிப் பார்த்ததாக அவரே சொன்னார். அந்த மாதம் 16-ஆம் தேதி ஜாக்சன்வில்லில் 16-13 என்று ஜெயித்தார். டிராஃப்டில் எடுக்கப்பட்ட பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஆட்டத்தைத் தொடங்கிய குவாட்டர்பேக்காக அவருக்கு அதுதான் முதல் வெற்றி.

பிப்ரவரி 11, இரவு 8.30

இப்படி அணி அணியாக மாறுகிறவரை ஜர்னிமேன் என்பார்கள். "ஜர்னிமேன் என்றால் பயணம் செய்கிறவன்தானே, சூட்கேஸும் கையுமாக" என்று கேட்டிருந்தார்கள். இல்லை. அந்தச் சொல்லில் சூட்கேஸ் கிடையாது. பிரெஞ்சில் நாள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தொழிலைப் படித்து முடித்து, நாட்கூலிக்கு வேலை செய்கிறவன். சொந்தப் பட்டறை இன்னும் இல்லாதவன்.

நம் கட்டட வேலையில் இதற்குச் சொல்லே இருக்கிறது: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. சித்தாளுக்குத் தொழில் தெரியாது. மேஸ்திரிக்கு வேலை சொந்தம். நடுவில் கொத்தனார். கரண்டி அவருடையது, சுவர் அவர் எழுப்பியது, வீடு மட்டும் வேறொருவருடையது. வேலை முடிந்தால் அடுத்த வீடு. ஃபிட்ஸ்பேட்ரிக் கொத்தனார். கேள்வி கேட்டவர் அவரை மேஸ்திரியாக நினைத்துக்கொண்டு மதிப்பெண் போடுகிறார்.

பிப்ரவரி 12, மதியம்

பஃபலோ, அவர் பில்ஸ் அணிக்கு ஆடிய ஊர். இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

2010 முதல் 2013 வரை அதை ஒட்டிய ஆம்ஹெர்ஸ்டில் குடியிருந்தேன். ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்களா என்று வயிற்றைக் கலக்கும். அமெரிக்கக் கால்பந்தின் விதிகளே சரியாகத் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், "இந்த ஊரில் பனியைப் பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் பில்ஸைப் பற்றிப் பேசலாம், மூன்றாவது விஷயம் கிடையாது" என்று சொல்லி 2011 செப்டம்பர் 25 அன்று பில்ஸ் மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்குக்கு அழைத்துப் போனார். மைதானத்தைச் சுற்றி வீட்டு முற்றத்துப் புல்வெளியிலேயே காரை நிறுத்தக் காசு வாங்குவார்கள். நாங்கள் நிறுத்திய வீட்டில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து டாலர் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். பில்ஸ் அவர்களிடம் தொடர்ந்து 15 முறை தோற்றிருந்தது. அன்றும் 21-0 என்று பின்தங்கியது. மேஜைக்காரர் எழுந்து போய்க் கோழிச் சிறகு வாங்கி வந்தார், துக்க வீட்டில் காபி கொடுப்பதுபோல் என்னிடம் நீட்டினார். பிறகு பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடி நான்கு பந்துகளைப் பறிகொடுத்தார். ஃபிட்ஸ்பேட்ரிக் எறிந்துகொண்டே இருந்தார். 34-31. கடைசி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) உள்ளே போனபோது மேஜைக்காரர் சத்தம் போடவில்லை. சிறகு எலும்புகள் இருந்த காகிதத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. என்ன விளையாட்டு இது என்று அன்றுதான் கவனிக்க ஆரம்பித்தேன்.

அக்டோபர் கடைசியில் பில்ஸ் அவருக்கு 6 ஆண்டுக்கு 5.9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. நான் 14-ஆம் எண் சட்டை வாங்கினேன், முழு விலைக்கு. அடுத்த ஆட்டத்தை ஜெயித்து 5 வெற்றி, 2 தோல்வி. அதன்பின் தொடர்ச்சியாக ஏழு தோல்வி, சீசன் 6-10. 2013 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். ஆறு ஆண்டு என்று எழுதிய காகிதம் இரண்டு சீசன்கூட முழுதாகத் தாங்கவில்லை. இந்த லீகில் ஒப்பந்தத்தின் தலைப்புத் தொகையைப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது. உறுதியளித்த பகுதி எவ்வளவு என்பதுதான் கேள்வி, இவருக்கு அது 2.4 கோடி. மீதி, அணிக்குப் பிடித்தால்.

எனக்கும் அந்த ஆண்டு மே மாதம் நீட்டிப்பு வரவில்லை. போகும் வழியில் கடையில் அதே 14-ஆம் எண் சட்டையை 70 சதவீதத் தள்ளுபடியில் பார்த்தேன்.

பிப்ரவரி 12, இரவு

"ஒப்பந்த மென்பொருள்காரரும் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் ஒன்றா? உங்கள் மேல் 130 கிலோ ஆள் யாராவது விழுந்தாரா?" விழவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒப்பிட்டுவிட்டு நானே கூச்சப்பட்டேன். அழிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

பிப்ரவரி 13, காலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "திறமை இருந்தால் ஓர் அணியாவது வைத்துக்கொண்டிருக்காதா?"

இந்த வேலையின் அமைப்பு அப்படி. ஓர் அணியில் 53 பேர், சம்பளத்துக்கு மொத்த உச்சவரம்பு. குவாட்டர்பேக் இடம் ஒன்று. அதில் நட்சத்திரம் இருந்தால் அவருக்குப் பணம் போகும். இல்லாவிட்டால் டிராஃப்டில் ஒரு பையனை எடுப்பார்கள். 2011-க்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் இறுக்கப்பட்டதால் அந்தப் பையன் மலிவு. அவன் தயாராகும்வரை ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஓரளவு ஜெயிக்க வேண்டும், பையனோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, சொன்ன அன்று ஓரமாக உட்கார வேண்டும். அந்த வேலைக்கு நீண்ட காலம் என்பதே கிடையாது. பாலம் கட்டினால் அதன்மேல் நடந்து போவார்கள்.

இதற்கு என்ன திறமை என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஆட்டத் திட்டங்களுக்கென்று தனி மொழி. ஒரே ஓட்டத்துக்கு ஓரிடத்தில் எண், இன்னோரிடத்தில் பெயர். ஒரு ஆட்டத் திட்டத்தைச் சொல்லவே பன்னிரண்டு, பதினைந்து சொற்கள் ஆகும். பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் சொல்வார். 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ஒலி தானாக அறுந்துவிடும். அதற்குள் கேட்டு, பத்துப் பேருக்குத் தடுமாறாமல் திருப்பிச் சொல்லி, எதிரணி நிற்கும் நிலையைப் படித்து, வேண்டுமானால் மாற்ற வேண்டும். ஒலி அறுந்த பிறகு அவர் தனி. ஃபிட்ஸ்பேட்ரிக் இதை ஒன்பது மொழியில் செய்தார். பழைய மொழி நாக்கில் வந்துவிடாமல் தடுப்பதுதான் பெரிய பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை மாறியவர்களுக்குத் தெரியும். (மறுபடியும் ஒப்பிடுகிறேன். மன்னிக்கவும்.)

ஹார்வர்டு, பொருளாதாரம், டிராஃப்டுக்கு முந்தைய அறிவுத் தேர்வில் 50-க்கு 48 என்று வந்த செய்தி, இவற்றையெல்லாம் வர்ணனையாளர்கள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிச் சலிக்க வைத்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு. 2014 நவம்பர் 30, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் சட்டையில், முந்தைய ஆண்டு தன்னை வைத்திருந்த டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக 6 டச் டவுன் எறிந்தார். ஆட்டத்துக்குப் பிந்தைய பேட்டிக்குச் சிறு வயது மகன் ஒருவனையும் அழைத்து வந்து, எல்லார் முன்னாலும் 93-ஐ 97-ஆல் பெருக்கச் சொன்னார். பையன் மனக்கணக்காக 9,021 என்றான். ஆறு டச் டவுனைவிட அந்த விடைதான் அப்பாவுக்குப் பெருமையாக இருந்ததுபோல் தெரிந்தது.

பிப்ரவரி 13, இரவு

ஒருவர் "59-87 என்பதில் ஒரு ஆட்டம் குறைகிறது" என்கிறார். சரிதான். 59-87-1. அந்த ஒன்று 2008 நவம்பர் 16, சின்சினாட்டி அணியில் இருந்தபோது, பிலடெல்பியாவோடு 13-13 என்ற சமன். ஆட்டம் சமனில் முடியலாம் என்பதே தனக்குத் தெரியாது என்று எதிரணிக் குவாட்டர்பேக் டானவன் மெக்நாப் பிறகு சொன்னார். அமெரிக்கக் கால்பந்து தெரியாமல் பார்க்கப் போன என்னை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம்.

பிப்ரவரி 14, இரவு

இத்தனை நாள் வக்கீலாகப் பேசிவிட்டேன். இப்போது எதிர்த்தரப்பு.

2015-இல் நான் நியூ ஜெர்சியில். ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அங்கேதான், நியூயார்க் ஜெட்ஸ், அதே 14, இந்த முறை பச்சைச் சட்டை. தொடக்க ஆட்டக்காரராக இருக்க வேண்டியவர் ஜீனோ ஸ்மித். ஆகஸ்டில் உடை மாற்றும் அறையில் 600 டாலர் தகராறில் சக ஆட்டக்காரர் ஒருவர் அவருடைய தாடையை உடைத்தார். அந்தக் குத்தில் ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கு வேலை கிடைத்தது. 31 டச் டவுன், ஜெட்ஸ் வரலாற்றில் ஒரே சீசனில் அதுவே அதிகம். கடைசி ஆட்டத்துக்கு முன் 10-5. ஜெயித்தால் பிளேஆஃப். ஆட்டம் எங்கே? ஆர்ச்சர்ட் பார்க். எதிரணிப் பயிற்சியாளர்? ஜெட்ஸ் துரத்திவிட்ட ரெக்ஸ் ரயன். இப்படி ஒரு திரைக்கதையை யாராவது எழுதினால் நம்ப மாட்டோம்.

2016 ஜனவரி 3. நான்காவது கால்பகுதியில் மூன்று இன்டர்செப்ஷன். ஒன்றல்ல, மூன்று. 22-17 தோல்வி. நான் பழைய பில்ஸ் சட்டையைப் போடுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பி, கடைசியில் சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். முதல் இன்டர்செப்ஷனைப் பார்த்தபோது அவருக்காக வருத்தம். மூன்றாவதில் கோபம். அந்தப் பந்தை அவர் எறியாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு சம்பளப் பேரம் ஜூலை கடைசிவரை இழுத்து, ஒரு வருடத்துக்கு 1.2 கோடி. செப்டம்பரில் கான்சஸ் சிட்டியில் ஒரே ஆட்டத்தில் 6 இன்டர்செப்ஷன்.

ஆகவே 11-ஆம் தேதி எழுதிய கொத்தனார் கதையில் ஓட்டை இருக்கிறது. நல்ல கொத்தனார் தூக்குக்குண்டு பார்த்துச் சுவர் எழுப்புவார். இவர் கண்ணளவிலேயே எழுப்பினார். மொத்தம் 169 இன்டர்செப்ஷன். இரண்டு பேர் மறித்து நிற்கும் இடத்துக்கும் பந்து போகும் என்று நம்பினார். போன நாளில் ஃபிட்ஸ்மேஜிக் என்றார்கள், போகாத நாளில் ஃபிட்ஸ்டிராஜிக். எறிந்தது ஒரே எறிதான்.

பிப்ரவரி 15

டாம்பா பே பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாக. 2018-இல் அங்கே முதல் குவாட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் மூன்று ஆட்டத் தடையில் இருந்தபோது 417, 402, 411 கஜம். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் 400-ஐத் தாண்டியவர் அவருக்கு முன் யாரும் இல்லை. இரண்டாவது வெற்றிக்குப் பிறகு சக ஆட்டக்காரர் டெஷான் ஜாக்சனின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கழுத்தில் சங்கிலிகள், கறுப்புக் கண்ணாடி, மார்பு தெரியத் திறந்த மேலுடை என்று பேட்டிக்கு வந்தார். நான்காவது வாரம் சிகாகோவில் 48-10 தோல்வி. இடைவேளையோடு உட்கார வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17

மயாமி, டாம்பா பேக்கு அடுத்த அணி. இரண்டு நாளாகப் பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

2020 டிசம்பர் 26, லாஸ் வேகஸ். அக்டோபரிலேயே வேலையை இளைஞர் டுவா டங்கோவைலோவாவிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போது மனம் உடைந்ததாக ஃபிட்ஸ்பேட்ரிக் வெளிப்படையாகவே சொன்னார். அன்று நான்காவது கால்பகுதியில் டுவாவை எடுத்துவிட்டு இவரை அனுப்பினார்கள். ரெய்டர்ஸ் 25-23 என்று முன்னிலை. 19 விநாடிதான் இருக்கிறது, டைம் அவுட் ஒன்றும் மிச்சமில்லை. பந்தை வாங்கிப் பின்னால் வருகிறார். ரெய்டர்ஸ் ஆட்டக்காரர் ஆர்டன் கீயின் கை இவருடைய ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுக்கிறது. தலை முழுக்கத் திரும்பிவிட்டது. கண் எங்கேயோ பார்க்கிறது. கை மட்டும் எறிந்து முடிக்கிறது. 34 கஜம், சக ஆட்டக்காரர் மேக் ஹாலின்ஸ் கையில். எறிந்தவர் அது பிடிக்கப்பட்டதைப் பார்க்கவே இல்லை. முகக்கம்பிக்கு அபராதம் 15 கஜம், பிறகு 44 கஜ ஃபீல்டு கோல், 26-25.

கடைசி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு அவருக்குக் கொரோனா. அந்த ஆட்டத்தில் மயாமி 56-26 என்று தோற்றது. 10-6 எடுத்தும் பிளேஆஃப் இல்லை. ஜெட்ஸும் 10-6 எடுத்தும் உள்ளே போகவில்லை. இரண்டு கதவும் மூடிய மைதானம் ஒன்றே: ஆர்ச்சர்ட் பார்க். இதை இன்றைக்குத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18

சிகாகோக்காரர் ஒருவர் சொல்கிறார், உண்மையான கொத்தனார், இவரைப் போலவே பல அணி மாறிய குவாட்டர்பேக் ஜாஷ் மெக்கவுன்தான் என்று. தூக்குக்குண்டு விஷயத்தில் அவர் பக்கம் சாய்கிறேன். 2013-இல் சிகாகோ பேர்ஸுக்கு மாற்று ஆளாக வந்து 13 டச் டவுன், ஒரே இன்டர்செப்ஷன். அதைப் பார்த்து டாம்பா பே நிரந்தர வேலை கொடுத்தது, அங்கே 1-10. ஓய்வு அறிவித்துவிட்டு, 2019 ஆகஸ்டில் பிலடெல்பியா கூப்பிட்டதால் திரும்பினார். 2020 ஜனவரி 5, பிளேஆஃப், முதல் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் தலையில் அடிபட்டு வெளியேற, 40 வயதில் உள்ளே போனார். தொடைத் தசை கிழிந்தும் ஆடி முடித்தார். 17-9 தோல்வி. மைதானத்தை விட்டு வெளியே போகும்போது அழுதார். 2024-இல் மின்னசோட்டாவில் குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். வேலையைத் தொலைத்துத் தொலைத்து வந்த சாம் டார்னல்டை 14 வெற்றி சீசனுக்குக் கொண்டு சென்றதில் அவருக்கும் பங்கு உண்டு.

மெக்கவுனை வேலைக்கு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு ஃபிட்ஸ்பேட்ரிக்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவருக்கு: ஆம், பிளேஆஃபில் அவர் ஆடவில்லை. ஆனால் போயிருக்கிறார். 2022 ஜனவரி 15, பில்ஸ் - பேட்ரியட்ஸ், ஆர்ச்சர்ட் பார்க், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ். பார்வையாளர் வரிசையில் சட்டையில்லாமல், தாடியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்போது வாஷிங்டன் சம்பளத்தில் இருந்தார். பில்ஸ் 47-17.

பிப்ரவரி 20, இரவு

கடைசியாக ஒரு கணக்கு, 93 × 97 அளவுக்குக் கடினமில்லை. வாஷிங்டனுக்குப் போகும்போது அவரிடம் 34,977 கஜம் இருந்தது. 2021 செப்டம்பர் 12, முதல் ஆட்டம், இரண்டாவது கால்பகுதியில் இடுப்பு மூட்டு விலகிப் போயிற்று. அதற்குள் 6 எறிந்து 3 பிடிபட்டது, 13 கஜம். 35,000-க்கு 10 கஜம் குறைவு. இந்த ஆட்டத்தில் 10 கஜம் என்பது ஒரு ஃபர்ஸ்ட் டவுன், அதாவது பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க நான்கு முயற்சிக்குள் கடக்க வேண்டிய தூரம்.

பில்ஸ் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அளவுதான் சேரவில்லை.